ஆரி ஃபிரேமும் வாய்ப்பூட்டும்: தாடை மூட்டுவலி, கழுத்துவலி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்மணியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் யாரென்று தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். அளவுகளும் நடந்த வரிசையும் என் குறிப்பேட்டில் உள்ளபடியே. நான் பிசியோதெரபி படித்துவிட்டு, பிறகு ஆஸ்டியோபதி கைமுறைச் சிகிச்சையில் பயிற்சி எடுத்தவள். மதுரையில் வைகைக்கு வடகரையில் சின்னதாக ஒரு சிகிச்சை அறை வைத்திருக்கிறேன். தாடை வலியென்று என்னிடம் நேராக வருபவர்கள் குறைவு. பல் டாக்டர், காது டாக்டர் எல்லாரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருவார்கள். இவரும் அப்படித்தான் வந்தார்.

பின்னணி

வயது 36. கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறார். துணியை ஃபிரேமில் விறைப்பாகக் கட்டி, கொக்கி முனை ஊசியால் மேலிருந்து குத்தி, கீழே இன்னொரு கையில் பிடித்திருக்கும் நூலை இழுத்து இழுத்துச் சங்கிலித் தையலாகப் போடும் வேலை. ஜர்தோசி, மணி, கல் என்று சேரச் சேர ஒரு ஜாக்கெட்டுக்கு நான்கைந்து நாள் ஆகும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபிரேமை இரண்டு முக்காலிகள் மேல் வைத்துக் குனிந்தபடியே செய்வார்.

அவர் என்னிடம் வந்தது ஆகஸ்ட் முதல் வாரம், ஆடி மாதம் பாதி தாண்டிய நேரம். ஆடியில் கல்யாணம் இல்லை, தையல்காரர்களுக்கு ஓய்வு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கான ஜாக்கெட்டெல்லாம் ஆடியில்தான் ஃபிரேமில் ஏறும். அந்த ஐந்து வாரம் அவர் தினமும் ஒன்பது, பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கணக்கு எனக்கு அன்று தெரியாது. பின்னால் இதுதான் முக்கியமாகப் போனது.

என்னிடம் வரும் முன்

இடது காதுக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம் ஒரு வருடமாக இருந்தது. வலி இல்லாததால் அவர் கண்டுகொள்ளவில்லை. ஜூனில் இடது காதுக்குள் குத்தல் தொடங்கியது. காது டாக்டர் பார்த்து, காது சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்து பல் டாக்டர். முழுத் தாடைக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் சொத்தையோ, புதைந்த கடைவாய்ப் பல்லோ, எலும்பில் கோளாறோ இல்லை. ராத்திரி பல்லைக் கடிக்கிறாராக இருக்கும் என்று படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு நைட் கார்டு செய்து கொடுத்தார். கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கிறது.

ஜூலை நடுவில் பொடனி பிடித்துக்கொண்டது. கழுத்தை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. உறவுக்காரர் ஒருவர் சொல்ல, ஊர்ப்பக்கம் சுளுக்கு எடுப்பவரிடம் போயிருக்கிறார். எண்ணெய் போட்டு வழித்துவிட்டு, கடைசியில் தலையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு. சொடக்கு விழுந்தது. அன்றும் மறுநாளும் தலைசுற்றல். மூன்றாம் நாள் சுற்றல் நின்றது, பொடனி வலி அப்படியே இருந்தது. அதன்பின் வாய் முழுதாகத் திறக்கவில்லை. "இட்லியைக் கூட பிச்சுப் பிச்சுத்தான் மேடம் உள்ள தள்ளுறேன். கொட்டாவி வந்தாலே பயமா இருக்கு" என்றார்.

முதல் நாள் பார்த்தது

இந்தப் பக்கம் வாய் திறக்கவில்லையென்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது பாக்கு. பாக்கும் பாக்குக் கலவைகளும் கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கி, மெல்ல மெல்ல வாயைப் பூட்டிவிடும். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை, கையால் நீவிச் சரிசெய்கிற விஷயமே அல்ல. இவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பாக, இளக்கமாக இருந்தது. காய்ச்சல், வீக்கம், எடை குறைவு எதுவும் இல்லை. 50 வயதைத் தாண்டியவர் மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்கிறது, நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி என்று சொன்னால் நெற்றிப்பொட்டு ரத்தக் குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். இவர் வயதுக்கு அது பொருந்தவில்லை.

வாயை 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலால் அளந்தேன், மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை. வலியில்லாமல் 22 மி.மீ. வலியைப் பொறுத்துக்கொண்டு 29. என் விரலால் மெதுவாக உதவியபோது 36. பொதுவாகப் பெரியவர்களுக்கு 40 மி.மீ.க்கு மேல் திறக்க வேண்டும். நம் மூன்று விரலை அடுக்கி நுழைத்துப் பார்க்கும் கணக்கும் ஏறக்குறைய அதுதான். அவருக்கு இரண்டு விரலே சிரமம்.

29க்கும் 36க்கும் நடுவில் உள்ள அந்த 7 மி.மீ. எனக்கு நம்பிக்கை கொடுத்தது. உதவினால் திறக்கிறது, முடிவில் முட்டி நிற்காமல் ரப்பர் போல இழுபடுகிறது என்றால் பூட்டியிருப்பது பெரும்பாலும் தசைதான். திறக்கும்போது தாடை முதலில் இடப்பக்கம் ஒதுங்கி, 'டக்' என்றதும் நடுவுக்கு வந்தது. தாடை மூட்டுக்குள் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு குருத்தெலும்பு வட்டு உண்டு. அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், வாய் திறக்கும்போது தாடையின் உருண்டை அதன்மேல் ஏறிக்கொள்ளும் சத்தம் இது. இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து பார்த்தால் எவருக்கும் தெரியும்: முதல் 20, 25 மி.மீ. வரை மூட்டு கீல் போலச் சுழலும், அதற்கு மேல் உருண்டை முன்னால் வழுக்கிப் போகும். இவருக்கு இடப்பக்கம் அந்த வழுக்கல் தயங்கியது.

கன்னத்தசை இரண்டு பக்கமும் கட்டை போல இருந்தது. இடது கன்னத்தில் ஒரு இடத்தை அழுத்தினால் காதுக்குள் குத்தியது. "இதே வலிதான், இதே வலிதான்" என்றார். பொடனிக்குக் கீழே, மண்டையோடு கழுத்து சேரும் இடத்தில் அழுத்தினால் நெற்றிப்பொட்டில் தெறித்தது. முகத்து உணர்வைக் கொண்டுபோகும் ஐந்தாம் மூளை நரம்பும், கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் மூளைத்தண்டின் அடியில் ஒரே இடத்தில் வந்து கலக்கின்றன. அதனால் கழுத்தின் சங்கதி முகத்திலும், தாடையின் சங்கதி பொடனியிலும் கேட்கும்.

முதல் முடிவு: கழுத்தைத் தொடாமல் அனுப்பியது

மல்லாக்கப் படுக்கவைத்து, தாடை நெஞ்சைத் தொடும்படி கழுத்தை மடக்கித் திருப்பும் ஒரு சோதனை உண்டு. மேல் இரண்டு கழுத்தெலும்புகளின் அசைவை அது தனியே காட்டும். 40 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அதை அன்று செய்ய நான் துணியவில்லை.

காரணம் அந்த இரண்டு நாள் தலைசுற்றல். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிவது அபூர்வம். நடந்துவிட்டால் பக்கவாதம் வரை போகலாம். இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முக மரத்தல், நடை தள்ளாடல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை என்றார். ரத்த அழுத்தம், கண்மணி, கண் அசைவு, முக உணர்வு எல்லாம் சரியாக இருந்தன. இருந்தாலும் நரம்பியல் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். நான்கு நாள் போனது. அவர் பரிசோதித்து, கழுத்து ரத்தக் குழாய்களுக்கு டாப்ளர் ஸ்கேனும் எடுத்து, கவலைப்பட ஒன்றும் இல்லை, மென்மையான சிகிச்சைக்குத் தடையில்லை என்று எழுதினார்.

ஆர்டர் குவிந்திருக்கும் நேரத்தில் நான்கு நாள் தள்ளிப் போட்டதில் அவருக்கு வருத்தம்தான். இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன். வெடுக்கென்று திருப்பும் முறை இவருக்குக் கடைசி வரை கிடையாது என்பதையும் அன்றே குறிப்பில் எழுதினேன்.

முதல் இரண்டு அமர்வுகள்

நான்கு நாள் கழித்து அந்தச் சோதனையைச் செய்தபோது வலப்பக்கம் 41 டிகிரி வந்தது, இடப்பக்கம் 24ல் நின்றது. கழுத்திலிருந்தே தொடங்கினேன். ஆஸ்டியோபதியை அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874ல் தொடங்கியபோது சொன்னவற்றில் இன்று எல்லாம் நிற்கவில்லை. ஆனால் அந்த மரபில் பின்னால் வந்த சில மென்மையான முறைகள் தினமும் கைகொடுக்கின்றன. மண்டையின் அடிவிளிம்பில் விரல் நுனிகளை நிறுத்தி, தலையின் பாரத்தை அதன்மேல் இறங்க விட்டு, தசை தானாக இளகும் வரை காத்திருப்பது ஒன்று. ஃபிரெட் மிட்செல் வகுத்த தசை ஆற்றல் முறை இன்னொன்று: திருப்ப முடிகிற எல்லையில் தலையை நிறுத்தி, நோயாளி எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ள, நாம் அசையாமல் பிடிக்க வேண்டும். ஐந்தாறு விநாடி கழித்து அவர் விட்டதும், புதிதாகக் கிடைக்கும் ஒரு இம்மியை எடுத்துக்கொள்ள வேண்டும். தள்ளச் சொல்லும் பலம், நடுவில் பழுத்த வாழைப்பழத்தை வைத்தால் நசுங்காத அளவுதான். சில நேரம் தள்ளவே வேண்டாம், கண்ணை மட்டும் அந்தப் பக்கம் ஓட்டுங்கள் என்பேன். பொடனித் தசை அதற்கே இறுகி இளகும்.

முதுகின் மேல்பகுதியையும் இளக்கினேன். எழுந்து உட்கார்ந்தபோது கழுத்து 35 டிகிரி, வாய் 33 மி.மீ. அவருக்கு ஆச்சரியம். எனக்கும் சந்தோஷம்தான். மூன்று நாள் கழித்து வந்தபோது வாய் 30க்கு இறங்கியிருந்தது. மறுபடி செய்தேன், மறுபடி 34. அடுத்த முறை வந்தபோது மறுபடி 30.

இந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். கையால் கிடைத்தது இரண்டு நாளில் கரைகிறது என்றால், அந்த இரண்டு நாளில் ஏதோ நடக்கிறது. எனக்கோ இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாம் அமர்வு: என் தவறு

வாய்க்குள் கை வைத்துச் செய்வதென்று முடிவெடுத்தேன். கையுறை போட்டு, கட்டைவிரலைக் கீழ்த் தாடையின் இடது கடைவாய்ப் பற்கள்மேல் வைத்து, மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்து மூட்டுக்கு இடம் கொடுப்பது முதல் வேலை. அது நன்றாகவே போனது. அப்புறம் மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், உள்தசையைத் தேடி விரலைக் கொண்டுபோனேன். அந்தத் தசையை விரலால் நேராகத் தொட முடியுமா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. அந்த இடம் எவருக்கும் கூசும், வலிக்கும். நான் அதிக நேரம் அழுத்தினேன்.

வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்துகிறேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் தூக்கவில்லை. தற்செயலாகக் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். இரண்டு கால் பெருவிரலும் உள்ளே மடங்கி வெளுத்திருந்தன. உடனே விரலை எடுத்துவிட்டேன். அதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"ஏம்மா கையைத் தூக்கலை?" என்றேன்.

"பொறுத்துக்கிட்டா சீக்கிரம் சரியாயிரும்னு நெனச்சேன் மேடம்."

நம் ஊரில் சுளுக்கு எடுப்பது என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்றுதான் பழகியிருக்கிறோம். அப்படிப் பழகியவரிடம் கையைத் தூக்கு என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அதை நம்பி இருந்தது என் பிழை. இரண்டு நாள் அவருக்குத் தாடை விண் விண்ணென்று தெறித்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு திறந்தும் வாய் 25 மி.மீ.க்கு இறங்கியது, வந்த நாளின் 29ஐவிட மோசம். ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் கையே வைக்கவில்லை. வெதுவெதுப்பான ஒத்தடம், குழைந்த சாதம், இட்லி, மசித்த காய். முறுக்கும் கடலை மிட்டாயும் வேண்டாம். கொட்டாவி வந்தால் தாடைக்கு அடியில் கையை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த வாரமே பல் டாக்டரிடம் பேசி, நடந்ததைச் சொன்னேன். அவரும் ஒரு தடவை வரவழைத்துப் பார்த்தார்.

ஃபிரேமைப் பார்த்த நாள்

நான்காவது முறை அவர் வந்தபோது, வேலை செய்வதை வீடியோ எடுத்து வரச் சொல்லியிருந்தேன். எட்டாவது படிக்கும் மகள் பக்கவாட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் எடுத்திருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம்.

தலை கிட்டத்தட்ட நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. ஊசி மேலும் கீழும் போகும் தாளத்துக்கு ஏற்ப, இடது கன்னத்தில் தசை புடைத்துப் புடைத்து இறங்கியது. சின்ன மணி கோக்கும் இடங்களில் புடைப்பு இறங்கவே இல்லை. பல் ஒட்டியபடியே இருந்தது. நூலை முடிச்சுப் போட்டு அறுக்க, ஒவ்வொரு முறையும் முகத்தைத் துணிக்குக் கொண்டுபோய் இடது பக்கப் பல்லால் கடித்து இழுத்தார். பத்து நிமிடத்தில் ஆறு தடவை. "அம்மா, நீ கோவமா இருக்கிற மாதிரியே இருக்க" என்றாள் மகள். தான் பல்லைக் கடிக்கிறோம் என்பதே அவருக்கு அதுவரை தெரியாது.

பேசாமல், மெல்லாமல், சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தொட்டால் போதும். ராத்திரி கடிப்பதற்குக் கார்டு இருந்தது. பகல் பத்து மணி நேரத்துக்கு ஒன்றும் இல்லை. நான் கழுத்தில் இளக்கியதையெல்லாம் ஃபிரேம் இரண்டே நாளில் திரும்ப எடுத்துக்கொண்டது.

மாற்றியவை

நூல் அறுக்க ஒரு சின்னக் கத்தரியை நாடாவில் கோத்து ஃபிரேமிலேயே கட்டிவிட்டோம். அவர் கணவருக்கு வெல்டிங் தெரியும். ஃபிரேமை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, தன் பக்கமாகச் சாய்த்து வைக்கும்படி ஒரு இரும்பு ஸ்டாண்ட் செய்து கொடுத்தார். ஊசி பிடித்துப் பழகிய கோணம் மாறியதில் முதல் வாரம் வேலை மெதுவானது. ஒரு ஜாக்கெட் தாமதமாகி, வாடிக்கையாளரிடம் பேச்சும் வாங்கினார். இதை எழுதாமல் விட்டால் இந்த மாற்றம் சுலபமாக நடந்தது போலாகிவிடும்.

தாடையை எங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுக்கத் தமிழே உதவியது. "'மீன்' என்று சொல்லி, கடைசி எழுத்தில் அப்படியே நிறுத்துங்கள்" என்றேன். ரெண்டு சுழி 'ன்' வரும்போது நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் நிற்கும், பல் ஒட்டாது. அந்த நிலையிலேயே உதட்டை மட்டும் மூடினால் போதும். அதை நினைவுபடுத்த ஃபிரேமின் கட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. கண் அதில் படும்போதெல்லாம் மனதுக்குள் 'மீன்'. யோசனை மகளுடையது.

பயிற்சியில் சிக்கனமாக இருந்தேன். சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த முறையில் ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. சமையலும் பிள்ளையும் ஆர்டரும் இருக்கிற வீட்டில் அது நடக்காது. இரண்டு மட்டும் கொடுத்தேன்: நாக்கை அண்ணத்தில் ஒட்டியபடி வாயைத் திறந்து மூடுவது, தாடையை உள்ளிழுத்துத் தலையை நிமிர்த்துவது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும்.

கைச் சிகிச்சையையும் தொடர்ந்தேன், வாரம் ஒன்று, மென்மையாக. வாய்க்குள் கடைவாய்ப் பல்மேல் இழுத்துக் கொடுப்பதை மட்டும், முப்பது விநாடிக்கு மேல் போகாமல், அவர் காலை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தேன். நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு 2023ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த சர்வதேச வழிகாட்டியும், கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பதையும், மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சியையும், மனப்பழக்கத்தை மாற்றும் சிகிச்சையையும் வலுவாகப் பரிந்துரைக்கிறது. எந்த அழுத்தத்தில், எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு நோயாளியிடமும் நாம்தான் கண்டுகொள்ள வேண்டும்.

பின்னர் நடந்தது

ஃபிரேம் மாறி இரண்டு வாரத்தில் வாய் 33 மி.மீ. இந்த முறை அடுத்த அமர்விலும் அது 33ஆகவே இருந்தது. எனக்கு அந்த நின்ற எண்தான் பெரிது. செப்டம்பர் நடுவில் 37, அக்டோபர் நடுவில் 41. கழுத்துச் சோதனை இடப்பக்கம் 39 டிகிரி. மெல்லும்போது பத்துக்கு ஏழு என்று சொன்ன வலி இரண்டானது, காதுக் குத்தல் போயே விட்டது.

டிசம்பர் கடைசியில் திரும்பவும் வந்தார். அது மார்கழி மாதம். தை முகூர்த்தத்துக்கான ஆர்டர். அவசரத்தில் கத்தரி காணாமல் போய், பல்லுக்குத் திரும்பியிருந்தார். பொட்டும் உதிர்ந்திருந்தது. வாய் 34. இரண்டு அமர்வு, ஒரு புதுக் கத்தரி, பொங்கல் கரும்பைக் கடிக்காமல் வெட்டித் துண்டாக்கிச் சாறு உறிஞ்சச் சொன்னது, அவ்வளவுதான். மூன்று வாரத்தில் 40க்கு வந்துவிட்டது.

'டக்' சத்தம் இன்னும் இருக்கிறது. அது போகுமா என்று கேட்டார். போகாமலும் இருக்கலாம் என்றேன். வலியும் பூட்டும் இல்லாத சத்தம் பலருக்கு உண்டு, அதற்காக எதுவும் செய்யத் தேவையில்லை. ஒருநாள் சத்தம் திடீரென நின்று, அதோடு வாயும் திறக்காமல் போனால் மட்டும் அன்றே வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது மாற்றிச் செய்வது

வேலையைப் பார்க்காமல் மூன்று அமர்வு ஓட்டியதுதான் இதில் பெரிய இழப்பு. வீடியோவை முதல் நாளே கேட்டிருந்தால், டாப்ளருக்காகக் காத்திருந்த அந்த நான்கு நாளிலேயே கத்தரி ஃபிரேமில் ஏறியிருக்கும். வாய்க்குள் அவ்வளவு ஆழம் போகவும் தேவைப்பட்டிருக்காது. இப்போது தாடையோ கழுத்தோ, யார் வந்தாலும் வேலை செய்யும் வீடியோ இல்லாமல் இரண்டாம் அமர்வைத் தொடங்குவதில்லை. நகைப் பட்டறைக்காரர், கணினி முன் உட்காருபவர், ஆட்டோ ஓட்டுநர், எல்லாரிடமும் கேட்கிறேன்.

வலிக்கு அடையாளமாகக் கையைத் தூக்கச் சொல்வதை விட்டுவிட்டேன். பத்து விநாடிக்கு ஒரு தடவை விரலை எடுத்து, நானே கேட்கிறேன். வாய் காலியாக இருந்தால் பதில் வரும்.

எவ்வளவு பங்கு கைச் சிகிச்சைக்கு, எவ்வளவு கத்தரிக்கும் ஸ்டாண்டுக்கும் என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வு போதாது. சீசன் முடிந்து ஆர்டர் குறைந்ததும் அதே மாதங்களில்தான். மார்கழியில் கத்தரி தொலைந்ததும் வாய் இறங்கியது என்பது மட்டும் என் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டிருக்கிறது.

அடுத்த ஆடிக்கு முன்னால், வலி வரும்வரை காத்திருக்காமல், ஆனி முதல் வாரத்தில் ஒரு தடவை வந்து அளந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.